1967 பாண்டியாக் ஜி.டி.ஓ.: வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

மிச்சிகனின் டிராய் நகரில் வசிக்கும் நண்பர் ஒருவர், 1967ஆம் ஆண்டின் பாண்டியாக் ஜி.டி.ஓ. கார் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், அதே வண்டியைப் பல ஆண்டுகள் வைத்திருந்து விற்றவன் என்ற முறையில் வாங்கலாமா கூடாதா என்று நான் ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருந்தார். 400 கன அங்குல வி8 எஞ்சின், நான்கு கியர், 335 குதிரைத்திறன் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த 335 என்பது ஆல்டர்னேட்டர், சைலன்சர் போன்றவை இல்லாமல் எஞ்சினைத் தனியே மேடையில் வைத்து அளந்த கணக்கு என்பதும் அவர் அறியாததல்ல. ஆகவே விளம்பரங்களில் வராத ஒன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்: சூடான எஞ்சினை அணைத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி கிளப்புவது.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதைப் போல் சொன்ன பேச்சைக் கேட்கும் வண்டியை நான் ஓட்டியதில்லை. ஆக்ஸிலரேட்டரை ஒரு முறை முழுக்க அழுத்தி விட்டால், காற்று வரத்தைக் குறைக்கும் சோக் மூடிக்கொள்ளும். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். கோடையில் சில மைல் ஓட்டிப் போய், கடை வாசலில் நிறுத்திச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பினால்தான் அதன் மறுமுகம் தெரியும். ஸ்டார்ட்டர் முனகிக்கொண்டு சுற்றும், பானெட்டுக்கு அடியிலிருந்து பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும், எஞ்சின் மட்டும் பிடிக்காது.

இதற்காக வண்டியைச் செய்தவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. ஓடும்போது விசிறிக் காற்றும் தொடர்ந்து வந்து சேரும் புதுப் பெட்ரோலும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை ஓரளவு குளிர்ச்சியாக வைத்திருக்கின்றன. எஞ்சினை அணைத்ததும் இரண்டும் நின்றுவிடுவதால், கீழே இருக்கும், அந்தக் கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டு செல்லும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டின் சூடு மேலேறி, கார்புரேட்டரின் மிதவை அறை என்னும் கிண்ணத்தில் தேங்கியுள்ள பெட்ரோலைக் கொதிக்க வைக்கிறது. பொங்கிய பெட்ரோல் சொட்டுச் சொட்டாக மேனிஃபோல்டுக்குள் இறங்கி எஞ்சினைத் திணறடிக்கிறது. அந்தக் காலத்துப் பெட்ரோல் இவ்வளவு எளிதில் ஆவியாகவில்லை. இன்றைய பெட்ரோலோ, மூடிய குழாய்களில் மிகுந்த அழுத்தத்துடன் ஓடும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளை மனத்தில் கொண்டு கலக்கப்படுவது. அதில் 10 சதவீதம் வரை எத்தனாலும் சேர்கிறது. அதையே வெளிக்காற்றோடு தொடர்புள்ள ஒரு சிறு கிண்ணத்தில், சூடான இரும்பின் மேல் நிறுத்தி வைத்தால் வேறென்ன நடக்கும்?

இதில் கொடுமையான மாதம் ஜூலை என்று நினைப்பீர்கள். எனக்கு ஏப்ரல்தான் கொடுமை. கோடையில் விற்கும் பெட்ரோல் எளிதில் ஆவியாகக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, ஆனால் பெட்ரோல் பங்குகளில் அது கட்டாயமாவது ஜூன் முதல் தேதியிலிருந்துதான். அதற்கு முன்னால் டாங்கில் இருப்பது குளிர்காலக் கலவை. மிச்சிகன் ஏப்ரலில் திடீரென்று வெயில் அடித்து, கராஜிலிருந்து வண்டியை வெளியே எடுக்க மனம் துடிக்கும் அந்த முதல் நாளில்தான் அது மிக மோசமாகக் கொதிக்கும்.

பாண்டியாக் நகரில் பராசக்தி கோயில் இருக்கிறது. அந்த ஊர்த் தொழிற்சாலையில் பிறந்த வண்டியை அந்த ஊர் அம்மனிடமே ஓட்டிப் போவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஆனால் தரிசனம் முடிந்து பிரசாதம் வாங்கி வெளியே வர ஆகும் நேரம், மிதவை அறை கொதிப்பதற்கென்றே அளந்து வைத்த நேரம். ஊரில் அம்பாசடர் ஓட்டிய பெரியவர்கள் சூழ்ந்துகொண்டு, “நல்லா பம்ப் பண்ணுங்க தம்பி” என்பார்கள். பம்ப் செய்தால் ஒவ்வோர் அழுத்தலுக்கும் இன்னொரு பீச்சு பெட்ரோல் உள்ளே போகும் என்று அவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பெடலை மெல்லத் தரைவரை அழுத்தி, விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். இரண்டு மூன்று சிலிண்டர்கள் இருமும், பின்னால் கரும்புகை வரும், அதன் பிறகே எட்டும் ஒன்றுசேரும். பட்டு வேட்டியோடு இதைச் செய்வதில் ஒரு கம்பீரமும் இல்லை.

பழுது பார்த்த கதை தனி. ஒருவர் பெட்ரோல் பம்பை மாற்றினார். இன்னொருவர் ஸ்டார்ட்டரை மாற்றினார். இருவரும் பணம் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர், கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத கால் அங்குலத் தகடு ஒன்றை வைத்து, எக்ஸாஸ்ட் வாயு மேனிஃபோல்டு வழியாகச் செல்லும் வழியையும் அடைத்தார். 93 ஆக்டேன் பெட்ரோல் நேரம் தவறி வெடித்து எஞ்சின் தட்டுகிறது என்பதற்காக (10.75க்கு 1 என்ற அழுத்த விகிதத்துக்கு அது போதாது) யாரோ பிளக் பொறி விடும் நேரமான டைமிங்கை மிகவும் பின்தள்ளி வைத்திருந்ததையும், அதனாலேயே எஞ்சின் கூடுதலாகச் சூடேறியதையும் கண்டுபிடித்தவர் அவரே. பிறகு தொல்லை பாதியாயிற்று. பதிலுக்கு, குளிர்ந்த காலைகளில் எஞ்சின் சூடாகும்வரை தயங்கித் தயங்கி ஓடத் தொடங்கியது.

இவ்வளவு திட்டிய அதே கார்புரேட்டரைத்தான் இப்போது புகழ வேண்டியிருக்கிறது. ராசெஸ்டர் குவாட்ராஜெட் என்ற அந்தக் கார்புரேட்டரில் முன்னால் இரண்டு சிறு துளைகள், பின்னால் இரண்டு பெரிய துளைகள். நகருக்குள் சிறியவை மட்டும் வேலை செய்வதால் வண்டி சாதுவாக ஊர்ந்து போகும். நெடுஞ்சாலையில் ஏறும்போது பெடலை முழுக்க மிதித்தால் பின்னிரண்டும் திறந்து, பானெட்டுக்கு அடியில் அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல் எழும். அதே வேளையில், 1967இல்தான் முதன்முதலாகக் கொடுக்கத் தொடங்கிய, பானெட்டின் மேலேயே பதித்த, எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரின் முள் கண்ணெதிரே சாலையோடு சேர்ந்து மேலேறும். அந்தச் சில விநாடிகளுக்காக நான் எத்தனை முறை தேவையில்லாமல் நெடுஞ்சாலையில் ஏறி அடுத்த வழியில் இறங்கியிருக்கிறேன் என்பது என் மனைவிக்குத் தெரியாது. ஆகஸ்டு மாதம் மூன்றாம் சனிக்கிழமை நடக்கும் பழைய கார்களின் ஊர்வலமான உட்வர்ட் ட்ரீம் குரூஸில், வண்டிகள் நெரிசலில் நத்தையாக நகரும்போதுகூட, அணைத்தால் கிளம்பாதே என்ற பயத்தோடு சேர்ந்தே அந்த மகிழ்ச்சியும் எனக்கு இருந்தது. வீடு மாறியபோது 17 அடி நீள வண்டிக்கு இடமில்லாமல் விற்றேன். இன்றுவரை அது வயிற்றெரிச்சல்தான்.

இருந்தும் உங்களுக்கு என் பதில், வாங்காதீர்கள் என்பதே. உங்களுக்குப் பொறுமை குறைவு. சொந்தக் கராஜும் இல்லை. இதைப் படித்த பிறகும் நீங்கள் போய்ப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்பதால் இரண்டு விஷயங்கள். 1964, 65 ஆண்டுகளில் ஜி.டி.ஓ. என்பது பாண்டியாக்கின் டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற வண்டிக்குக் கூடுதல் காசுக்குக் கிடைத்த ஒரு தொகுப்பு. 1966 முதல் அது தனி மாடல் என்பதால், 67 வண்டியின் அடையாள எண் 242 என்று தொடங்க வேண்டும். 237 என்று தொடங்கினால் அது வேடம் போட்ட லெமான்ஸ். அடுத்தது, பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்பார்கள். நீங்கள் அதோடு நிறுத்தாமல், நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிப் பார்த்து, அணைத்துவிட்டு, விலையைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள். பிறகு சாவியை விற்பவரிடமே கொடுத்துக் கிளப்பச் சொல்லுங்கள்.