தலைப்பிரட்டை பாடுகிறது

ஒட்டமட்டோன் ஒருவழியாக வீட்டுக்கு வந்துவிட்டது. என் மகள் வாயில் அது 'ஒட்டமாட்டோம்'. 2009இல் ஜப்பானின் மேவா டென்கி கலைக்குழு கொண்டுவந்த பொம்மை வாத்தியம். பார்க்க இசைக்குறி மாதிரி இருக்கும். ஜப்பானியர்கள் அந்தக் குறியைச் செல்லமாகத் தலைப்பிரட்டை ('ஒட்டமஜாகுஷி') என்பார்கள், பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

ஒரு கை விரலால் காம்பை அழுத்தினால் சத்தம், இன்னொரு கையால் கன்னத்தை அமுக்கினால் வாய் 'வா...' என்று திறக்கும். காம்பில் கீழே இறங்க இறங்க சுருதி ஏறும். குழப்பம்தான். வீணையில் சுர இடம் காட்டும் மெட்டுக்கட்டை இருக்குமே, வயலின் போல இதிலும் அது கிடையாது, காதுதான் கதி. ஆனால் சுரத்தை வழுக்கி அசைக்கும் கமகத்துக்கு என்ன சுகம்! மூன்று நாள் கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசை வாசித்தேன். மேல் ஷட்ஜம், அதாவது உச்ச 'ஸ' மட்டும் வாலை மிதித்த பூனை. பக்கத்து வீட்டு மாமி கதவைத் தட்டி, "குழந்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

மூன்று ட்ரிபிள் ஏ பேட்டரி வேண்டும். ஆன்லைனில் விற்றவர் அனுப்பவில்லை. ஏசி ரிமோட்டில் இரண்டு, டிவி ரிமோட்டில் ஒன்று கழற்றினேன். மற்றபடி இந்தப் பொம்மையைத் தாராளமாக வாங்கலாம். பின்னால் ஸ்தாயி (சுருதியின் உயரம்) மாற்றும் ஸ்விட்ச் இருக்கிறது. இரவு ஒன்பதுக்கு மேல் அதை உச்சத்தில் வைக்காதீர்கள்.