தாஸ் போட்: நீருக்கடியில் காத்திருக்கும் போர்

சிறந்த போர்த் திரைப்படத்தை அடையாளம் காண எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. களத்தில் நிற்கும் வீரனுக்குத் தெரியாத எதையும் பார்வையாளருக்குச் சொல்லாமல் இருக்கும் துணிவு அந்தப் படத்துக்கு இருக்கிறதா என்பதே அது. பெரும்பாலான போர்ப்படங்கள் நம்மைத் தளபதியின் வரைபடத்துக்கு அருகில் அமரவைத்துவிடுகின்றன. எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான், உதவிப்படை எவ்வளவு தொலைவில் இருக்கிறது, யார் துரோகி என்பதெல்லாம் நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு நாம் காண்பது போரை அல்ல, விடை தெரிந்த ஒரு கணக்கை. வொல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கி 1981-இல் வெளிவந்த ஜெர்மானியத் திரைப்படமான ‘தாஸ் போட்’ இந்த அளவுகோலில் முழுமையாகத் தேறுகிறது. நான் அறிந்த போர்ப்படங்களில் அதை முதல் வரிசையில் வைப்பதற்கு இதுவே காரணம்.

கதை எளிமையானது. 1941-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், ஜெர்மானியர் வசமிருந்த பிரான்சின் லா ரோஷெல் துறைமுகத்திலிருந்து யு-96 என்னும் நீர்மூழ்கிக் கப்பல் அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் செல்கிறது. பிரிட்டனுக்குச் சரக்கு ஏற்றிவரும் கப்பல் தொடர்களைத் தேடி மூழ்கடிப்பது அதன் வேலை. கூடவே செல்லும் இளம் போர்ச் செய்தியாளர் வெர்னரின் கண்கள் வழியாகவே நாமும் உள்ளே நுழைகிறோம். இந்தச் செய்தியாளர் முழுக் கற்பனை அல்ல. படத்துக்கு மூலமான, 1973-இல் வெளியான நாவலை எழுதிய லோதர்-குந்தர் புக்ஹைம், உண்மையான யு-96 கப்பலில் செய்தியாளராகப் பயணம் செய்தவர். அந்தக் கப்பலின் உண்மையான கேப்டனாக இருந்த ஹைன்ரிஷ் லேமன்-வில்லன்பிராக் படப்பிடிப்புக்கு ஆலோசகராக இருந்தார். நேரில் கண்டவர்களின் அறிவு படத்தின் ஒவ்வொரு சிறு பொருளிலும் படிந்திருக்கிறது: குழாய்களுக்கு இடையில் தொங்கும் இறைச்சித் துண்டுகளில், பூஞ்சை பிடிக்கும் ரொட்டியில், இரண்டு கழிப்பறைகளில் ஒன்று உணவுப் பொருள்களால் நிரம்பிவிட, எஞ்சிய ஒன்றை மட்டும் பயன்படுத்தும் சுமார் ஐம்பது ஆண்களின் அன்றாடத்தில்.

இவ்வகைக் கப்பலின் மொத்த நீளம் 67 மீட்டர். ஆனால் மனிதர்கள் வாழும் உட்கூட்டின் விட்டம், அது மிக அகன்றிருக்கும் இடத்திலேயே, ஐந்து மீட்டருக்கும் குறைவு. எந்திரங்களும் குழாய்களும் அடைத்துக்கொண்டது போக, நடப்பதற்கு மிஞ்சுவது ஒரு ஒடுங்கிய பாதை மட்டுமே. மியூனிக் நகரின் பவேரியா படப்பிடிப்புத் தளத்தில் இந்த உட்பகுதியை உண்மையான அளவிலேயே அமைத்து, எல்லாப் பக்கங்களிலும் சாய்ந்து குலுங்கும்படி நீரழுத்த எந்திரங்களின் மேல் நிறுத்தினார்கள். ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வக்கானோ, சுழலும் கைரோஸ்கோப்புகளைப் பொருத்தி ஆட்டம் குறைத்த சிறிய கேமராவைக் கையில் ஏந்தி, அடிபடாமலிருக்க உடலில் பஞ்சுக் காப்புகளை அணிந்துகொண்டு, மாலுமிகளுக்குப் பின்னால் அந்தப் பாதையில் ஓடினார். ஆபத்து மணி ஒலித்ததும், முன்பக்கத்தின் எடையைக் கூட்டிக் கப்பலை விரைவாக மூழ்கவைப்பதற்காக, வேலையில்லாத அத்தனை பேரும் வட்டக் கதவுகளுக்குள் தலையையும் காலையும் மாறிமாறி நுழைத்துக்கொண்டு முன்முனையை நோக்கி ஓடுகிறார்கள். கேமராவும் வெட்டே இல்லாமல் அவர்களோடு ஓடுகிறது. இடநெருக்கடியை வசனத்தால் விளக்கவேண்டிய தேவையே படத்துக்கு ஏற்படவில்லை.

இருந்தும், இந்தப் படத்தின் உண்மையான ஆயுதம் ஒளிப்பதிவு அல்ல, ஒலி. நீருக்கடியில் இருக்கும் கப்பலுக்கு ஜன்னல் கிடையாது. பெரிஸ்கோப்பை இறக்கிவிட்டால் அது குருட்டுக் கப்பல். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, மேலே செல்லும் பகைக் கப்பலின் உந்துவிசிறி எந்தத் திசையிலிருந்து இரைகிறது என்று முணுமுணுக்கும் ஒரே ஒரு மாலுமிதான் அனைவருக்கும் கண். பிறகு அந்த இரைச்சல் கருவியில்லாமலே எல்லோர் காதிலும் விழும். அதற்குப் பின், பகைக் கப்பல் நீருக்குள் அனுப்பும் ஒலியலை இரும்புச் சுவரில் பட்டுத் தெறிக்கும் ‘பிங்’ என்னும் ஓசை, சீரான இடைவெளியில், மெல்ல நெருங்கும். ஐம்பது பேரும் தலையை உயர்த்தி, பார்க்க ஒன்றுமே இல்லாத கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். குறிப்பிட்ட ஆழத்தின் நீரழுத்தத்தில் வெடிக்குமாறு அமைக்கப்பட்ட பீப்பாய்க் குண்டுகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். எவ்வளவு அருகில் என்பது மட்டும் தெரியாது. நமக்கும் தெரியாது.

இங்கே பீட்டர்சன் காட்டும் கட்டுப்பாடு போற்றத்தக்கது. மேலே நிற்கும் பிரிட்டிஷ் கப்பலின் தளத்துக்குக் கேமராவைக் கொண்டுசென்று, குண்டை உருட்டிவிடும் கைகளைக் காட்டியிருந்தால் பதற்றத்தை எளிதில் கூட்டியிருக்கலாம். எத்தனையோ நீர்மூழ்கிப் படங்கள் அதைத்தான் செய்கின்றன. இந்தப் படமோ எதிரியின் முகத்தை அந்த முற்றுகை முழுவதிலும் ஒருமுறைகூடக் காட்டவில்லை. அழுத்தம் தாங்காமல் மரையாணிகள் துப்பாக்கிக் குண்டுகளைப் போலத் தெறிக்கும்போது, எந்திர அறையிலேயே வாழ்ந்து பழகிய யோஹான் என்னும் அனுபவசாலி தன் இடத்தை விட்டெழுந்து வெறிபிடித்தவனாக நடக்கிறான். கேப்டன் தன் அறைக்குப் போய்க் கைத்துப்பாக்கியை எடுத்துவருகிறார். ஒரே ஒரு மனிதன் உடைந்தால் மற்ற அனைவரும் சாகவேண்டியிருக்கும் என்ற கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிறகு, கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்கும் யோஹானைக் கேப்டன் படைநீதிமன்றத்துக்கு அனுப்பாமல் தூங்கப் போகச் சொல்லும் சிறு காட்சி, வீரம் பற்றிய எந்தச் சொற்பொழிவையும் விட எனக்கு உயர்வாகத் தெரிகிறது.

எதிரியின் முகம் பின்னர் வருகிறது, வரவேண்டிய கொடுமையான முறையில். முற்றுகையிலிருந்து தப்பி மேலெழும் யு-96, தன் டார்பிடோவால் அடிபட்ட எண்ணெய்க் கப்பல் பல மணி நேரத்துக்குப் பின்னும் எரிந்துகொண்டிருப்பதைக் காண்கிறது. அதை முடித்துவைக்க இன்னொரு டார்பிடோவை ஏவிய பிறகுதான், அதன் தளத்தில் மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று புரிகிறது. உடலில் தீப்பற்றிய நிலையில் கடலில் குதித்து, காப்பாற்றக் கூவிக்கொண்டே அவர்கள் நம்மை நோக்கி நீந்தி வருகிறார்கள். இத்தனை நேரத்தில் இவர்களை ஏன் யாரும் மீட்கவில்லை என்று கேப்டன் கதறுகிறார். பிறகு கப்பலைப் பின்னோக்கிச் செலுத்த ஆணையிடுகிறார். மீட்டால் ஏற்றிக்கொள்ள இடமில்லை. அதுவரை குண்டுகளுக்குக் கீழே யு-96 மாலுமிகளோடு சேர்ந்து நடுங்கிய நாம், அந்த மாலுமிகள் பிழைக்கவேண்டும் என்று விரும்பியதன் பொருளை அந்த நொடியில் உணர்கிறோம். பார்வையாளரின் பரிவையே அவர் முன் சாட்சியாக நிறுத்தும் இந்தத் திறமை இல்லாத போர்ப்படத்தை என்னால் சிறந்தது என்று ஏற்க முடிவதில்லை.

போரின் பெரும்பகுதி வேலையும் சலிப்பும்தான் என்பதையும் இந்தப் படம் மறைக்கவில்லை. வாரக்கணக்கில் எதிரி தென்படாத கடல், ஓயாத புயல், ஈரம் காயாத உடைகள், உடலில் பரவும் பேன், ஒரே கேலியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வாய்கள் என்று முதல் ஒரு மணி நேரம் நகர்கிறது. இதை நீளம் என்று குறைகூறுவோர் உண்டு. அந்த நீளம் இல்லாமல் ஜிப்ரால்டர் பகுதி நம்மை இவ்வளவு தாக்கியிருக்காது. பிரிட்டிஷ் காவல் நிறைந்த அந்த நீரிணையைக் கடக்க முயன்று அடிபட்ட கப்பல், கட்டுப்பாடிழந்து மூழ்கி, 280 மீட்டர் ஆழத்தில் கடலடியில் தட்டி நிற்கிறது. ஆழங்காட்டியின் முள் எண்கள் முடிந்த இடத்தையும் தாண்டிவிட்டது. அதன் பின் நடப்பது சண்டை அல்ல, பழுதுபார்ப்பு. உள்ளே புகுந்த நீரை வெளியேற்றுவது, உடைந்த மின்கலங்களைக் கம்பியால் இணைப்பது, குறைந்துவரும் காற்றைக் காப்பாற்றுவது. கிளவுஸ் வென்னெமன் நடித்த தலைமைப் பொறியாளர், தூக்கமற்ற கண்களோடு கேப்டன் முன் வந்து வேலை முடிந்த கணக்கை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது, கேப்டனாக யூர்கன் பிராக்னோவின் முகத்தில் ஏற்படும் மாற்றத்துக்காகவே படத்தை மீண்டும் பார்க்கலாம்.

குறையும் உண்டு, அதுவும் சிறியதல்ல. இந்தக் கப்பல் நாஜி அரசின் ஆயுதம். ஆனால் அதன் கொள்கையை நம்புகிறவராக, மெக்சிகோவில் வளர்ந்த முதல் அதிகாரி ஒருவரை மட்டுமே படம் முன்னிறுத்துகிறது. மற்றவர்கள் களைத்த, கட்சியைக் கேலிசெய்கிற தொழிலாளர்களாகவே வருகிறார்கள். ஓர் அரசின் குற்றத்தைக் கஞ்சிபோட்ட சட்டை அணிந்த ஒரே மனிதன் மேல் இறக்கிவைத்துவிட்டு மற்றவர்களைத் தூயவர்களாக்குவது வரலாற்றுக்கு நேர்மையானதல்ல. நாவலாசிரியர் புக்ஹைம் வேறு கோணத்தில் இந்தப் படத்தைக் கடுமையாகச் சாடினார். உண்மையான கப்பலில் மாலுமிகள் இவ்வளவு கூச்சலிட்டதில்லை, நடிப்பு மிகையாக இருக்கிறது என்பது அவர் வாதம். அங்கே இருந்தவரின் சொல்லை மறுக்க எனக்குத் தகுதியில்லை. எனினும் அடங்கிய அச்சத்தைப் படம் காட்டும் நீண்ட அமைதிகளும் அதே படத்தில்தான் இருக்கின்றன என்பதை அவருடைய கண்டனம் கணக்கில் கொள்ளவில்லை என்றே கருதுகிறேன்.

ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் பணியாற்றிய 40,000 பேரில் 30,000 பேர் திரும்பவில்லை என்ற எழுத்துகளோடு படம் தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஒரு திரையிடலில் அந்த வரியைக் கண்டு மக்கள் கைதட்டினார்கள் என்றும், படம் முடிந்தபோது அதே மக்கள் எழுந்து நின்று பாராட்டினார்கள் என்றும் பீட்டர்சன் பின்னாளில் கூறியிருக்கிறார். எதிரி நாட்டின் மாலுமிகளைப் பற்றிய, வேற்றுமொழியில் எடுக்கப்பட்ட இந்தப் படம் ஆறு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது.

பார்க்க விரும்புவோர் வடிவத்தைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1981-இல் திரையரங்கில் வந்தது சுமார் இரண்டரை மணி நேர வடிவம். தொலைக்காட்சித் தொடராக வந்தது ஏறத்தாழ ஐந்து மணி நேரம். 1997-இல் பீட்டர்சன் மீண்டும் தொகுத்து, ஒலியைப் புதுப்பித்து வெளியிட்ட மூன்றரை மணி நேர வடிவத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். மாலுமிகளின் பெயர்களும் இயல்புகளும் மனத்தில் பதிவதற்கு அதில் இடமிருக்கிறது, கதையின் இறுக்கமும் குலையவில்லை. நடிகர்கள் பலர் தங்கள் குரலிலேயே பேசிய ஆங்கில ஒலிவடிவம் கிடைத்தாலும், ஜெர்மன் ஒலியோடு துணைத்தலைப்புகளை வைத்துப் பார்ப்பதே நல்லது. ஆணைகளின் கூர்மை அந்த மொழியில்தான் இருக்கிறது. தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் இதைப் பார்ப்பது பாதிப் படத்தை இழப்பதாகும். வீட்டில் நல்ல ஒலியமைப்பு இல்லாதவர்கள் தரமான ஹெட்ஃபோனையாவது அணிந்துகொண்டு, இடைவேளை விடாமல், ஒரே அமர்வில் பார்த்துவிடுங்கள்.