கோடி மென்பொருளில் வில்லுப்பாட்டுத் தொகுப்பு: ஸ்கின் மாற்றிப் பார்த்த அனுபவம்

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு டிவியோடு ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்று இணைந்திருக்கிறது. அதில் லிப்ரெஎலெக் என்ற இயங்குதளம், அதன் மேல் படங்களையும் பாட்டுகளையும் அடுக்கி ஓட்டும் கோடி மென்பொருள். எக்ஸ்பிஎம்சி என்ற பழைய பெயர் 2014-இல் மாறுவதற்கு முன்பே எனக்கு இந்த மென்பொருள் பழக்கம். உள்ளே பாதி சினிமா. தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கும். மீதிப் பாதி, சுற்றுவட்டார அம்மன் கோயில் கொடைகளில் (திருவிழாக்களில்) பதிவான வில்லுப்பாட்டுகள். இந்த இரண்டாவது பாதி திரையில் ஒழுங்காகத் தெரிகிறதா என்பதை வைத்துத்தான் ஒரு ஸ்கினை, அதாவது கோடியின் திரைத் தோற்றத்தை, எடைபோடுகிறேன்.

நிறுவுவதில் சிரமம் இல்லை. அமைப்புகளில் ஆட்-ஆன் (கூடுதல் இணைப்பு) பகுதிக்குப் போய், ரெப்பாசிட்டரி என்ற இணையக் கிடங்கில் ஸ்கின் பட்டியலைத் திறந்து ஒன்றைத் தேர்ந்தால் போதும். மாற்றியதும் ‘இதையே வைத்துக்கொள்ளவா?’ என்று கேட்கும். சில நொடிக்குள் பதில் வராவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். பட விவரங்கள் தனி டேட்டாபேஸில் இருப்பதால் எத்தனை ஸ்கின் மாற்றினாலும் தொகுப்புக்குச் சேதம் கிடையாது.

இயான் நாக்ஸ் மாதிரியான ஸ்கின்கள் சினிமாவுக்கு அத்தனை அழகு. ஆனால் அவை போஸ்டரையும் பின்னணிப் படத்தையும் நம்பிக் கட்டப்பட்டவை. கொடைப் பதிவுக்கு ஏது போஸ்டர்? பழைய விசிடியிலிருந்து எடுத்த 352×288 அளவுச் சட்டகம்தான் இருக்கும். அதைச் செங்குத்துப் பெட்டியில் அடைத்தால் வில்லின் இரு முனையும் வெட்டுப்பட்டு, புலவரின் முகம் மட்டும் மிஞ்சும். வில் தெரியாத வில்லுப்பாட்டுப் படத்தை எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அடுத்தது எழுத்து. ‘தோட்டுக்காரி அம்மன் கதை’ என்ற தலைப்பு கோடியின் பழைய பதிப்புகளில் படாத பாடு பட்டது. ‘தோ’வில் இரட்டைக்கொம்பு தகரத்துக்கு முன்னால் வர வேண்டும், அதுவோ காலோடு சேர்ந்து பின்னால் போய் நின்றது. புதிய பதிப்பில் அது சரியாகிவிட்டது. ஆனாலும் சில ஸ்கின்களின் எழுத்துருவில் தமிழே இல்லாததால் வெறும் கட்டங்கள் வரும். இன்டர்ஃபேஸ் அமைப்பில் ஸ்கின் எழுத்துருவை ஏரியல் வகைக்கு மாற்றினால் தீரும்.

சுற்றிவந்து நான் நிலைத்தது எஸ்சுவரியில்தான். 2017-இல் வந்த 17-ஆம் பதிப்பு முதல் கோடியோடு வரும் ஸ்கின் அது. அதன் அகலப் பட்டியல் காட்சியில் நீண்ட தமிழ்த் தலைப்பும் அடங்குகிறது. வருட வரிசையில் வைத்தால் வலது ஓரத்தில் வருடமும் வந்துவிடும். அம்மா டிவி முன்னால் உட்கார்ந்ததும் “மக்ளே, இது எந்த வருசத்துக் கொடை?” என்றுதான் முதலில் கேட்பாள். இப்போது அவளே பார்த்துச் சொல்கிறாள்.

விவரங்கள் இணையத்தில் கிடைக்காது என்பதால் ஒவ்வொரு பதிவுக்கும் என்எஃப்ஓ கோப்பு (கோடி படித்துக்கொள்ளும் விவரக் கோப்பு) நானே எழுதுகிறேன். இயக்குநர் இடத்தில் புலவர் பெயர். நடிகர் பட்டியலில் குழுவினர். கதாபாத்திரம் என்ற இடத்தில் ‘குடம்’, ‘உடுக்கை’, ‘தாளம்’ என்று அவரவர் வாசித்த கருவி. எஸ்சுவரி அதைப் பெயருக்குக் கீழே அப்படியே காட்டுகிறது. குடம் அடித்தவரின் பெயர் திரையில் வருவதை அவருடைய பேரன் வந்து பார்த்துவிட்டுப் போனான். இந்த ஒன்றுக்காகவே இந்த ஸ்கினை விட மனமில்லை.

எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்க, ஸ்கினின் தோற்றத்தை வரையறுக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் கைவைக்க வேண்டியிருந்தது. லிப்ரெஎலெக்கில் மூல ஸ்கின் இருக்கும் இடத்தில் எதையும் எழுத முடியாது. அதனால் முழு ஃபோல்டரையும் ஆட்-ஆன் ஃபோல்டருக்கு நகலெடுத்து, ஐடியையும் பெயரையும் மாற்ற வேண்டும். கோடியை மறுபடி தொடங்கினால் அந்த நகல் அணைந்த நிலையில் பட்டியலில் இருக்கும்; நாமே இயக்கிவிட வேண்டும். ஐடி வேறு என்பதால் அப்டேட் வந்து அழிக்காது. கோடியின் பெரிய பதிப்பு மாறும்போது மட்டும் புதிய எஸ்சுவரியை நகலெடுத்து அதே திருத்தங்களை மீண்டும் போட வேண்டும். எந்தக் கோப்பில் எந்த வரி என்று ஒரு குறிப்பு எழுதி அந்த ஃபோல்டரிலேயே போட்டுவைத்திருக்கிறேன்.