கோட்டைக் கதைக்கு ட்வைனா, ஸ்கிராட்சா?

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய் எழுச்சியை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டே ஒரு கணினி விளையாட்டாகச் செய்ய வைக்கலாம் என்று சென்ற ஆண்டு முடிவு செய்தபோது, என் முன் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, கட்டளைக் கட்டைகளைத் திரையில் பொருத்தி நிரல் அமைக்கும், எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச்; மற்றொன்று, கிளை பிரியும் கதைகளை எழுத கிரிஸ் கிளிமாஸ் 2009இல் உருவாக்கிய ட்வைன். இரண்டும் இலவசம், இரண்டுமே இணையம் இல்லாமலும் இயங்கும். 'அ' பிரிவுக்கு ஸ்கிராட்சையும் 'ஆ' பிரிவுக்கு ட்வைனையும் கொடுத்துப் பார்த்தேன். இவ்வாண்டு இரு பிரிவுக்கும் ட்வைன்தான்.

ஸ்கிராட்சில் முதல் நாளே பலன் தெரியும். வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தி ஒரு பையன் அகழியில் முதலையை நீந்தவிட்டபோது வகுப்பே எழுந்து நின்றது. இரண்டு வாரம் கழித்தும் முதலை நீந்திக்கொண்டுதான் இருந்தது. சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள் என்ற இடத்துக்குக் கதை வந்து சேரவில்லை.

ட்வைனில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை, எழுதத்தான் வேண்டும். ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் அதன் பெயரில் புதிய பெட்டி ஒன்று தோன்றும். கதை அங்கே கிளை விடும். தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகையை அணிவதா, மறுப்பதா என்பது முதற்கிளை. மறுத்தவன் சென்னைக்கு அனுப்பப்படுகிறான். அணிந்தவனுக்கு ஒரு மாணவி தானாகவே இன்னொரு பெட்டி எழுதினாள்: இரவுச் சோற்றுக்கு உட்காரும்போது அவன் பக்கத்தில் யாரும் அமரவில்லை. எந்தக் கிளையில் போனாலும் காலையில் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்துவிடுகிறார். முடிவை மாற்ற முடியாத விளையாட்டு எதற்கு என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே இதை மறுபடியும் செய்யலாம்.

இருந்தாலும் என்னை ட்வைன் பக்கம் சாய்த்தது பராமரிப்பு. வரலாற்றுக் கதைக்குத் திருத்தம் வந்துகொண்டே இருக்கும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் அந்தக் காலத்திலும் பூசை நடந்ததாக இரு பிரிவினருமே எழுதியிருந்தார்கள். நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்த அக்கோயிலில் 1981இல்தான் லிங்கம் மீண்டும் வைக்கப்பட்டது என்பதை ஒரு மாணவனின் தாத்தா சுட்டிக்காட்டினார். ட்வைனில் அந்தப் பெட்டியைத் திறந்து, இரண்டு வரி மாற்றி, மறுபடி வெளியிட்டேன். பத்து நிமிடம் ஆனது. ஸ்கிராட்சிலோ வசனம் எந்தப் பாத்திரத்தின் எந்தக் கட்டையில் ஒளிந்திருக்கிறது என்று முதலில் தேட வேண்டியிருந்தது. கண்டுபிடித்து மாற்றியபின், 'இரண்டு விநாடி சொல்' என்ற கட்டையில் நீளமான புது வரியை எவராலும் படித்து முடிக்க முடியவில்லை. விநாடியைக் கூட்டினால் அடுத்த பாத்திரம் முந்திக்கொண்டு பேசுகிறது. அதைச் சரிசெய்தால் குதிரைப்படை வாயிலில் காத்து நிற்கிறது. தமிழ் வரி சற்று நீண்டாலே பேச்சுக்குமிழி திரையில் பாதியை அடைத்துக்கொள்வது தனித் தொல்லை. அந்த ஒரு திருத்தத்துக்கு இரண்டு பாடவேளை போயிற்று.

ட்வைனிலும் நான் பட்டிருக்கிறேன். உலாவியிலேயே எழுதினால் கதை அந்த உலாவியின் நினைவில்தான் தங்கும். கணினி அறையில் யாரோ உலாவியைத் துடைத்துச் சுத்தம் செய்ததில் ஏழு கதைகள் போயின. அதன்பின் மணி அடிக்குமுன் ஒவ்வொருவரும் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் வைப்பது வழக்கமாயிற்று. கதை முழுவதும் ஒற்றைக் கோப்பு என்பதால் பெற்றோர் கைபேசிக்கும் அனுப்ப முடிகிறது. ஆனால் படங்கள் தனி உறையில் இருந்தால் அவை கூடவே போகாது.

ஸ்கிராட்ச் கோப்பையும் இப்படி ஒற்றைப் பக்கமாக்கித் தர டர்போவார்ப் என்ற வழி உண்டு. நான் ஒருமுறைதான் முயன்றேன் என்பதால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நிரலாக்கம் கற்பிப்பதே நோக்கமென்றால் கணினி ஆசிரியர் ஸ்கிராட்சைத்தான் கேட்பார், அது நியாயமும்கூட. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் திரைக்குப் பின்னிருந்து மத்தளத்தோடு வெளிப்படுவதைக் காட்ட வேண்டுமென்றால் நானும் அதைத்தான் எடுப்பேன்.