இடிப்பதற்கு முன் எதில் வரைவது? ரெனோவேஷன் கான்ட்ராக்டருக்கான மென்பொருள் அலசல்

புது வீடு கட்டுகிறவருக்கும் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டுகிறவருக்கும் ஒரே மென்பொருளைத்தான் எல்லோரும் கைகாட்டுகிறார்கள். யூடியூபில் வரும் ‘டாப் 10’ வரிசைகள் காலி மனையில் தொடங்குபவை. நமக்கு மனை காலியாகக் கிடைப்பதில்லை. நாற்பது வருஷத்துச் சுவர், எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாத பைப், பிளான் தொலைந்துபோன வீடு, அதற்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குடும்பம். வேலை இப்படித்தான் கைக்கு வருகிறது.

அதனால் ஒரு மென்பொருள் எவ்வளவு பளபளப்பாகப் படம் காட்டுகிறது என்பதைக் கடைசியில்தான் பார்ப்பேன். இருக்கிற வீட்டை உள்ளபடி வாங்கிக்கொள்கிறதா, இடிப்பதையும் புதிதாகக் கட்டுவதையும் குழப்பாமல் பிரித்து வைக்கிறதா, வீட்டுக்காரர் மனம் மாறினால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்கு முன்னால் வருகிறது. ஆட்டோகேட் எல்டி, ஸ்கெட்ச்அப் புரோ, ரெவிட் எல்டி, சீஃப் ஆர்க்கிடெக்ட், ஸ்வீட் ஹோம் 3டி ஆகியவற்றை இந்தக் கண்ணோடு பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். தமிழ்நாட்டில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு சைட் ஓட்டும், அலுவலகத்தில் இரண்டு பேருக்கு மேல் இல்லாத கான்ட்ராக்டரை மனதில் வைத்து எழுதுகிறேன். பெரிய பில்டர்களுக்கு வேறு கணக்கு.

அளவு எடுக்கும்போதே பாதி தெரிந்துவிடும்

பிளானில் 9 இஞ்சு என்று எழுதியிருக்கும் சுவரை வாசல் நிலை அருகே டேப் வைத்துப் பார்த்தால் 10 இஞ்சு வரும். இரண்டு பக்கமும் அரை இஞ்சு பூச்சு. சுண்ணாம்புப் பூச்சு வீடென்றால் இன்னும் கூடும். வீட்டின் குறுக்கே ஐந்து சுவர் இருந்தால் கணக்கு ஐந்து இஞ்சு நழுவிவிடும், மாடுலர் கிச்சன் அடிக்கிறவரிடம் பேச்சு வாங்க அது போதும். மூலைகளும் நேர்மட்டமாக இருக்காது. நாலு பக்க அளவோடு இரண்டு மூலைவிட்டத்தையும் எடுத்தால்தான் அறையின் உண்மையான வடிவம் கிடைக்கும்.

இங்கே ஆட்டோகேட் எல்டிக்கு இணை இல்லை. 1982இல் வந்த நிரலின் சுருக்கப் பதிப்பு, 3டி மாடல் கிடையாது, ஆனால் கோணல் சுவரைக் கோணலாகவே வாங்கிக்கொள்ளும். இரண்டு மூலையிலிருந்து இரண்டு வட்டம் போட்டு, வெட்டும் புள்ளியில் மூன்றாவது மூலையை வைத்துவிடலாம். ஸ்கெட்ச்அப்பில் கோடு எப்போதும் அச்சை நோக்கி ஒட்டப் பார்க்கும், ஒரு டிகிரி சாய்ந்த அறையை வரையப் பொறுமை வேண்டும். ரெவிட்டும் சீஃப் ஆர்க்கிடெக்டும் சுவரை அடுக்குகளாகப் பார்ப்பவை. செங்கல் தனி, பூச்சு தனி. இது நல்ல விஷயந்தான். ஆனால் சீஃப் ஆர்க்கிடெக்ட் இயல்பாகவே அளவுக்கோட்டைச் சுவரின் உள்சட்டத்துக்குப் பிடிக்கும். நாம் எடுத்துவருவதோ பூச்சுக்கு மேல் அளவு. அந்த இயல்பை முதலில் மாற்றாமல் வரைந்தால் அறை சுருங்கிப் போகும்.

ஸ்வீட் ஹோம் 3டி இந்த இடத்தில் ஆச்சரியப்படுத்துகிறது. 2006 முதல் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள். பழைய பிளானை மொபைலில் படமெடுத்து அடியில் போட்டு, தெரிந்த ஒரு நீளத்தைச் சொன்னால் மொத்தப் படத்தையும் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அதன்மேல் சுவரை ஓட்டலாம். வீட்டுக்காரர் காபி கொண்டுவருவதற்குள் அடுப்பங்கரை எந்தப் பக்கம் என்று காட்டிவிடலாம்.

ஐபோன் 12 புரோவிலிருந்து புரோ மாடல்களில் லைடார், அதாவது லேசரால் தூரம் அளக்கும் சென்சார், இருக்கிறது. மேஜிக்பிளான், பாலிகேம் போன்ற செயலிகளால் அறையைச் சுற்றி நடந்தே பிளான் எடுத்துவிடலாம். உத்தேச எஸ்டிமேட்டுக்குச் சரி. ஒரு இஞ்சு தள்ளினாலும் தாங்காத அலமாரி வேலைக்கு லேசர் டேப்பைத்தான் நம்புவேன்.

எதை இடிக்கிறோம்

ரெனோவேஷனின் உயிர்நாடி இதுதான், ‘டாப் 10’ ஆட்கள் ஒரு வரிகூடப் பேசாததும் இதுதான். ரெவிட்டில் ஒவ்வொரு சுவருக்கும் நிலைக்கும் எந்தக் கட்டத்தில் வந்தது, எந்தக் கட்டத்தில் இடிபடுகிறது என்று இரண்டு குறிப்பு உண்டு. ஒரே மாடலிலிருந்து ‘இப்போது இருப்பது’, ‘இடிப்பு’, ‘புதியது’ என மூன்று பிளான் தானாக வரும். இடிப்பது விட்டுவிட்ட கோடாகவும், இருப்பது மங்கலாகவும் தெரியும். இடிக்க வரும் ஆட்களிடம் அந்த ஒரு தாளைக் கொடுத்தால் போதும். எல்டி பதிப்பிலும் இந்த வசதி இருக்கிறது. மற்ற நான்கில் எதுவும் இதன் அருகில் வரவில்லை.

ஸ்கெட்ச்அப்பில் இதையே டேக் (பொருட்களுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு) பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீன் (சேமித்த காட்சி) வைத்துச் செய்துகொள்ளலாம். ஒழுக்கம் தவறினால் குழம்பும். ஆட்டோகேட்டில் லேயர் (கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கு), அதே கதை. ஸ்வீட் ஹோமில் கோப்பையே இரண்டாகப் பிரதி எடுப்பதுதான் சுலபம்.

ஆனால் எந்த மென்பொருளுக்கும் எது தாங்கு சுவர் என்று தெரியாது. டெலீட் பொத்தான் எல்லாச் சுவரையும் ஒரே மாதிரி அழிக்கும். மரவிட்டத்தின் மேல் செங்கலைச் செருகிப் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீட்டில், உத்திரம் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது என்று மேலே ஏறிப் பார்த்தாக வேண்டும். காங்கிரீட் தளமாக இருந்தாலும் பில்லர் இல்லாத செங்கல் வீடென்றால் ஹாலையும் டைனிங்கையும் ஒன்றாக்குவது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையெழுத்து விஷயம்.

மாடி பாத்ரூமும் இப்படித்தான். படத்தில் கம்மோடைச் சுட்டியால் இழுத்து எதிர்ச் சுவரில் வைத்துவிடலாம். நிஜத்தில் 4 இஞ்சு பைப்புக்கு வாட்டம் வேண்டும். பழைய பாத்ரூம் இருந்த இடத்தில் மட்டும் தளம் இறக்கிப் போட்டிருப்பார்கள். இடத்தை மாற்றினால் தரையை உயர்த்திப் படி வைக்க வேண்டும், இல்லையென்றால் கீழ்வீட்டு சீலிங்கில் பைப் தொங்கும். அந்தப் படியைப் படத்திலேயே வரைந்து காட்டிவிடுங்கள்.

படம் காட்டுவது

வீட்டுக்காரரை மயக்குவதில் ஸ்கெட்ச்அப்தான். 2000இல் கொலராடோவில் பிறந்து, 2006இல் கூகுள் கைக்குப் போய், 2012இல் டிரிம்பிள் வாங்கியது. சுவரைப் பிடித்து இழுத்தால் நீளும் அந்த எளிமை இன்னும் மாறவில்லை. 3டி வேர்ஹவுஸில் ஊஞ்சல் முதல் கிரில் கேட் வரை யாரோ வரைந்து வைத்திருக்கிறார்கள். புரோவோடு வரும், தாள் தயாரிக்கும் லேஅவுட் நிரலில் மாடல் மாறினால் தாளும் மாறும். முன்பக்க எலிவேஷன் மட்டும் கேட்டு வருகிறவர்கள் நம் ஊரில் ஏராளம், அவர்களுக்கு இது போதும்.

சிக்கல் வேறிடத்தில். படத்தில் இத்தாலியன் மார்பிள் போட்டுக் காட்டிவிட்டு, எஸ்டிமேட்டில் வெட்ரிஃபைட் டைல்ஸ் எழுதினால், “படத்துல இருந்த மாதிரிதானே சார் பேசினோம்?” என்ற கேள்வி கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய வாரம் வரும். எஸ்டிமேட்டில் இருக்கும் பொருளைத்தான் படத்திலும் பூச வேண்டும். நான் கொடுக்கும் படங்களில் மாதிரிப் படம் என்றும், எந்த எஸ்டிமேட் தேதிக்கு உரியது என்றும் அடியில் இருக்கும்.

சீஃப் ஆர்க்கிடெக்ட் அமெரிக்க ரீமாடலிங் கான்ட்ராக்டரின் செல்லப்பிள்ளை. அதற்குக் காரணமும் இருக்கிறது. அவர்கள் ஊரில் வீடு மரச்சட்டத்தில் நிற்கிறது. சுவரை வரைந்தால் உள்ளே சட்டம், மேலே சாய்வுக் கூரை, பொருள் பட்டியல் எல்லாம் தானாக வரும். கிச்சனில் 34.5 இஞ்சு உயர கேபினெட், அதன்மேல் கவுன்டர், மொத்தம் 36 என்று அந்நாட்டு வழக்கப்படி வந்து உட்காரும். நாம் கடப்பாக் கல்லை நிறுத்தி, மேலே கிரானைட் போட்டு, வீட்டு அம்மாவின் உயரத்துக்கு மேடையை ஏற்றி இறக்கி, கதவைக் கடைசியில் மாட்டுகிறோம். மொட்டை மாடிக்கு சாய்வுக் கூரைக் கருவி எதற்கு? அமெரிக்கக் கம்பெனிகளுக்கு இங்கிருந்து வரைந்து கொடுக்கும் அலுவலகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சீஃப் கற்றுக்கொள்ளலாம். உள்ளூர் வேலைக்கு அது அளவெடுக்காமல் வாங்கிய சட்டை.

கணக்கு: எங்கே காசு போகிறது

ரெவிட் சுவர்ப்பரப்பை அட்டவணையாகத் தரும்போது சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அது தருவது ஜன்னல், வாசலை முழுதாகக் கழித்த நிகரப் பரப்பு. பூச்சு வேலையை அளப்பதற்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 1200 வேறு மாதிரி சொல்கிறது. 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவே இல்லை. 0.5 முதல் 3 வரை, இரு பக்கமும் ஒரே பூச்சென்றால், ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். 3ஐத் தாண்டினால்தான் இரண்டு பக்கமும் கழித்து, ஓரங்களைக் கூட்ட வேண்டும். 4க்கு 4 ஜன்னல் 16 சதுர அடி, ஏறக்குறைய 1.5 சதுர மீட்டர். மென்பொருள் இரண்டு முகத்திலும் கழித்துவிடும், கொத்தனார் ஒரு முகத்துக்கே ஒப்புக்கொள்வார். பத்து ஜன்னலில் 160 சதுர அடி, அதாவது ஒன்றரைச் சதுரத்துக்கு (ஒரு சதுரம் 100 சதுர அடி) மேல் கூலி உங்கள் கையிலிருந்து போகும். பல ஊர்களில் கழிவே இல்லாமல் ‘நிரவி அளப்பது’ என்றுதான் பேசி முடிக்கிறார்கள். பேசிய முறை எதுவோ அதை எக்செல்லில் சூத்திரமாக எழுதுங்கள். மென்பொருளின் எண்ணை நேராகக் கொட்டேஷனில் ஒட்டாதீர்கள்.

இடிப்புக் கழிவையும் எதுவும் சொல்லாது. பத்துக்குப் பத்து அடி, 9 இஞ்சுச் சுவர் நிற்கும்போது 75 கன அடி. உடைத்துக் குவித்தால் ஒன்றரை மடங்காக உப்பும். மாடியிலிருந்து சாக்கில் கட்டி இறக்கும் கூலி தனி.

மாற்றம் வரும்போதுதான் வித்தியாசம் உறைக்கும். கிச்சன் சுவர் ஒரு அடி நகர்ந்தால் ரெவிட்டில் பிளான், செக்‌ஷன், அட்டவணை எல்லாம் சேர்ந்து நகரும். ஸ்கெட்ச்அப்பில் படமும் தாளும் மாறும், கணக்கு உங்கள் வேலை. ஆட்டோகேட்டில் ஒவ்வொரு தாளாகத் திருத்த வேண்டும், ஒன்றை மறந்தால் சைட்டில் பழைய தாள்தான் ஜெயிக்கும்.

உரிமமும் விலையும்

ஆட்டோடெஸ்க் 2016இல் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தியது, ஸ்கெட்ச்அப் 2020இல். இனி சந்தாதான். சந்தா வேண்டாம் என்பவர்களுக்கு ஜீடபிள்யூகேட், பிரிக்ஸ்கேட் போன்றவை ஒருமுறை பணம் கட்டும் உரிமம் தருகின்றன, ஆட்டோகேட்டின் டிடபிள்யூஜி வகைக் கோப்பை அப்படியே திறக்கின்றன. பிளான் மட்டும் போதும் என்பவருக்கு ஆட்டோகேட் எல்டியைவிட இவை லாபம்.

ஸ்கெட்ச்அப்பின் இலவச இணையப் பதிப்பு தொழிலுக்கு அல்ல, சொந்த உபயோகத்துக்கு. இது பலருக்குத் தெரிவதில்லை. ஸ்வீட் ஹோமுக்கு அந்தத் தடை இல்லை. கிராக் பதிப்பைப் பற்றி ஊரே சிரித்துக்கொண்டு பேசும். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு சிரிப்பதில்லை. தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று சொல்கிறது.

வரவு செலவுப் பக்கம்

பில்டர்டிரெண்ட் போன்ற அமெரிக்கச் செயலிகள் எஸ்டிமேட், கால அட்டவணை, கூடுதல் வேலைக்கான ஒப்புதல், வாடிக்கையாளர் பக்கம் எல்லாவற்றையும் ஒரே கூரையில் வைக்கின்றன. யோசனை நல்லது. மாதம் நூற்றுக்கணக்கான டாலர் கட்டி, ஜிஎஸ்டி பில்லுக்கு மறுபடி டேலிக்கு வருவது நமக்குக் கட்டாது. குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருள் 2023 ஜனவரியோடு இந்தியாவில் கடையைக் கட்டியதையும் மறக்க வேண்டாம். டேலி பிரைம் உங்கள் ஆடிட்டருக்குப் பழக்கம். சென்னை ஸோகோவின் புக்ஸ், சைட்டிலிருந்தே மொபைலில் பில் போட வசதி. ஆடிட்டர் எதில் வேலை செய்கிறாரோ அதில் இருங்கள், இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

எக்செல் வார்ப்புருவை மட்டும் ஒருமுறை திறந்து பாருங்கள். சிமெண்டின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28இலிருந்து 18 சதவீதம் ஆனது. பழைய ஷீட்டில் 28 எங்கோ ஒரு மூலையில் புதைந்து கிடக்கும்.

கூடுதல் வேலைக்கு வாட்ஸ்அப் போதுமா என்றால், பாதிதான் போதும். “அந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி வைங்க தம்பி” என்ற குரல் செய்தி கணக்கு முடிக்கும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது. திருத்திய தாளைத் தேதியோடு பிடிஎஃப் ஆக்கி, கூடும் தொகையை அதே தாளில் எழுதி அனுப்பி, ‘சரி’ என்று பதில் வந்தபின் ஆளை இறக்குங்கள்.

என் தேர்வு

பாத்ரூம், கிச்சன், உள்வேலை என்றே ஓடுகிறவர் மலிவான ஒரு 2டி கேட் (CAD) வரைபட மென்பொருள் உரிமமும் ஸ்கெட்ச்அப் புரோவும் எடுத்தால் போதும். முதல் சந்திப்புக்கு ஸ்வீட் ஹோம். மேல்மாடி எடுப்பது, வீட்டைப் பாதி இடித்துக் கட்டுவது என்று போகிறவர், ரெவிட் தெரிந்த ஒரு பெண்ணையோ பையனையோ வேலைக்கு வைக்க முடிந்தால், ரெவிட் எல்டிக்குப் போகலாம். ஆள் இல்லாமல் மென்பொருளை மட்டும் வாங்கினால் சந்தாப் பணம்தான் கரையும். புதிய பதிப்பில் சேமித்த ரெவிட் கோப்பைப் பழையதில் திறக்க முடியாது என்பதால், வெளியே வரைய விடுகிறவர்கள் பதிப்பு எண்ணை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். மேல்மாடி என்றால் அனுமதியும் வரும். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. அங்கே முறையான பிளான்தான் செல்லும், ஸ்கெட்ச்அப் படம் செல்லாது.

ட்ரையல் போடும்போது கனவு வீட்டை வரைந்து பார்க்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே முடித்துப் பணமும் வாங்கிவிட்ட ஒரு பாத்ரூமை எடுங்கள். எத்தனை பெட்டி டைல்ஸ் போனது, எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை சாக்குக் கழிவு என்று உங்களிடம் பில் இருக்கும். மென்பொருள் சொல்லும் எண்ணை அந்த பில்லோடு வைத்துப் பார்த்துவிட்டு, வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.