ராலியா, ஹெர்குலிசா?

2019 ஜனவரியில் பர்மாவில், ரங்கூனிலிருந்து மோல்மேன் வரை, ஏறக்குறைய 300 கிலோமீட்டர், நாங்கள் நான்கு பேர் நான்கு நாளில் பழைய சைக்கிளிலேயே போனோம். நெடுவழிக்கு எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. வீட்டில் இரண்டு பழைய இங்கிலீஷ் வண்டி இருந்தன: பெரியப்பாவின் ராலி, தாத்தாவின் ஹெர்குலிஸ். நான் ஹெர்குலிசை எடுத்தேன். ராலி மச்சானுக்கு.

அழகில் ராலிதான், விற்கப் போனாலும் அதற்குத்தான் கிராக்கி. மற்றபடி இரண்டுமே 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், நல்ல கனம்.

ராலியின் பலம் பின் ஹப்புக்குள், அதாவது பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள், இருக்கும் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர். செய்த வருஷம் 52 என்று ஹப்பிலேயே பொறித்திருக்கிறது. அவ்வப்போது நாலு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். ஆனால் கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலும் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே பிடி விட்டுப்போகும். சித்தாங் பாலம் தாண்டி மச்சான் எழுந்து நின்று மிதித்தான். பெடல் சும்மா சுற்றி, முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. சரி, அது கேபிளை இறுக்கினால் தீர்ந்துவிடும்.

தீராதது மரை, அதாவது திருகுப் புரி. பெடல் அச்சைத் தாங்கும் கப்பில் மற்ற இங்கிலீஷ் வண்டிகளுக்கு அங்குலத்துக்கு 24 மரை. ராலி மட்டும் தனக்கென்று 26 வைத்துக்கொண்டது. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. தட்டோனில் ஒரு கடையில் புதுக் கப்பை மாட்டினார்கள். ஒன்றரைச் சுற்றுப் போய் நின்றுவிட்டது. இன்னும் திருகினால் ஃபிரேம் போய்விடும். கடைசியில் தேய்ந்த கப்பையே துடைத்து, பக்கத்துக்கு 11 புது பால்ரஸ் போட்டு, கிரீஸ் அப்பி மூடினோம். "வண்டிக்கு இல்லடா, எனக்குத்தான் மரை கழண்டுபோச்சு" என்றான் மச்சான். அந்தக் கப் என் வண்டியில் அப்படியே ஏறியிருக்கும். எனக்குப் பெகுவில் காட்டர் பின், அதாவது பெடல் தண்டை அச்சோடு பிடிக்கும் ஆப்பு, ஆடியது. மாற்றப் பத்து நிமிஷம் ஆனது, அவ்வளவுதான்.

ஹெர்குலிஸ் என்றாலே 24 என்றும் நம்பிவிடாதீர்கள். 1960-ல் இரண்டும் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தன. அதன் பிறகு ராலியின் ஊரான நாட்டிங்காமில் செய்த ஹெர்குலிஸ்களில் 26 இருக்கலாம். தாத்தாவின் வண்டி அதற்கு முந்தையது.

நாங்கள் போனது பெரும்பாலும் சமவெளி. சால்வீன் பாலத்தில் ஏறும்போது மட்டும் கியர் இல்லையே என்றிருந்தது. ஷான் மலைப்பக்கம் நான் சைக்கிள் மிதித்ததில்லை. அங்கே போகிறவர்கள் என் பேச்சைக் கேட்டு ராலியை ஒதுக்க வேண்டாம்.

திரும்பும்போது நான்கையும் லாரியில் ஏற்றினோம். ராலிக்கு மட்டும் மச்சான் சாக்குச் சுற்றினான்.