பெரிய நிறுவனமா, சிறிய நிறுவனமா? பட்டம் பெற்றபின் சிங்கப்பூரில் முதல் வேலை

சிங்கப்பூரில் படிப்பை முடிக்கும் இந்திய மாணவர்கள் பலரும் முதலில் விண்ணப்பிப்பது பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்குத்தான். சம்பளம் அதிகம், பெயருக்கு மதிப்பு உண்டு. அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் வாய்ப்பு வந்தபோது நான் ஊபி வட்டாரத்தில் உள்ள ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். காரணம் எம்பிளாய்மென்ட் பாஸ், அதாவது வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி.

அந்த பாஸுக்கு 2025 ஜனவரி முதல் மாதச் சம்பளம் குறைந்தது 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வேண்டும். நிதித்துறை என்றால் 6,200. வயது கூடினால் வரம்பும் கூடும். அதோடு, விண்ணப்பத்தைப் பல பிரிவுகளில் புள்ளியிட்டு மதிப்பிடும் காம்பஸ் முறையில் 40 புள்ளிகள் எடுக்க வேண்டும். நிறுவனத்தின் அளவு முக்கியமாவது இங்கேதான்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் பட்டத்துக்கு 20 புள்ளிகள் கிடைத்துவிடும். மீதி 20க்கு எங்கே போவது? நிறுவனத்தின் நிபுணர், மேலாளர் நிலை ஊழியர்களில் கால்வாசிப் பேரோ அதற்கு மேலோ இந்திய நாட்டவர் என்றால், இந்தியருக்கு நாட்டவர் பன்முகத்தன்மைப் பிரிவில் பூஜ்யம்தான். அந்த நிலை ஊழியர்கள் மொத்தமே 25 பேருக்கும் குறைவாக உள்ள நிறுவனத்துக்கு இந்தக் கணக்கே கிடையாது. அந்தப் பிரிவிலும் உள்ளூர் வேலைவாய்ப்புப் பிரிவிலும் தலா 10 புள்ளிகள் தாமாகவே வந்துவிடும். 20, 10, 10. சம்பளப் பிரிவில் ஒரு புள்ளிகூட வாங்காமலே தேறிவிடலாம்!

நேர்காணலில் இதை நேரடியாகவே கேட்டேன். உரிமையாளர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, மனிதவள அமைச்சின் சுயமதிப்பீட்டுப் பக்கத்தில் என் விவரங்களை என் கண்ணெதிரிலேயே நிரப்பிக் காட்டினார். பெரிய நிறுவனத்திலோ "அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பதிலோடு சரி. விசா கையில் வரும்வரை உறக்கமில்லாத மாணவனுக்கு அந்தப் பதில் போதாது.

சம்பளம் 5,600ஐ எட்டாவிட்டால் நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான எஸ் பாஸ் இருக்கிறதே என்பார்கள். சேவைத் துறையில் அதற்கான ஒதுக்கீடு ஊழியர் எண்ணிக்கையில் 10 விழுக்காடு. 20 பேர் வேலை செய்யும் இடத்தில் அதிகபட்சம் இரண்டே பேர். முதலாளி அவர்களுக்காக மாதந்தோறும் அரசுக்குத் தீர்வையும் கட்ட வேண்டும். அதை நம்பிச் சிறிய நிறுவனத்துக்குப் போகாதீர்கள்.

பெரிய நிறுவனத்தை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். அங்கே இந்திய நாட்டவர் 5 விழுக்காட்டுக்கும் குறைவென்றால் அதே பிரிவில் 20 புள்ளிகள் முழுதாகக் கிடைக்கும். அப்படி ஓர் இடம் அமைந்திருந்தால் நானும் அங்கேதான் போயிருப்பேன்.

புதுப்பித்தலைப் பற்றி அனுபவத்தில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. என் பாஸுக்கு அந்தக் காலம் இன்னும் வரவில்லை. புதுப்பிக்கும்போதும் காம்பஸ் உண்டு. அதற்குள் எங்கள் நிறுவனம் வளர்ந்து அந்த நிலை ஊழியர்கள் 25 பேரை எட்டிவிட்டால், தாமாக வந்த அந்த 20 புள்ளிகளும் இருக்காது.